பழைய எஞ்சினுக்கு எரிவாயு மருந்தல்ல

புனேயின் காட்கி, தாபோடி, பிம்பிரிப் பகுதிகளில் இட்லி மாவு விற்பவரும் சமையல் ஒப்பந்தக்காரரும் பூ வணிகரும் இன்றும் பழைய மாருதி ஆம்னியை வைத்தே தொழில் நடத்துவதைக் காணலாம். ஆம்னியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவற்றுள் பல அதற்கும் மிக முந்தையவை. அப்படிப்பட்ட வண்டி ஒன்று ஏற்றத்தில் திணறத் தொடங்கி, பெட்ரோலையும் ஆயிலையும் ஒருசேரக் குடிக்கும் நிலைக்கு வந்தால் உரிமையாளருக்கு இரண்டு ஆலோசனைகள் கிடைக்கும். பட்டறைக்காரர், கழற்றிய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்பார். பக்கத்துக் கடைக்காரர், அவ்வளவு செலவு எதற்கு, எல்.பி.ஜி. கிட் போட்டுவிட்டால் எரிபொருள் செலவு குறைந்துவிடுமே என்பார். இரண்டுமே தம்மளவில் தவறான யோசனைகள் அல்ல. ஆனால் அவை ஒன்றுக்கொன்று மாற்றாக முன்வைக்கப்படுவதுதான் சிக்கலின் தொடக்கம்.

எரிவாயுவுக்கு மாறுவோரில் கணிசமானோர், எஞ்சின் தளர்ந்து எரிபொருள் செலவு ஏறிய பிறகே மாறுகின்றனர். செலவு ஏறியதற்குக் காரணம் பெட்ரோலின் விலை மட்டுமன்று. தேய்ந்த ரிங், சரியாக மூடாத வால்வு, அடைபட்ட ரேடியேட்டர் ஆகியவையும்தான். எல்.பி.ஜி. இவற்றுள் ஒன்றையும் சரிசெய்யாது. பெட்ரோலில் மறைந்திருந்த கோளாறுகளை அது வெளியே கொண்டுவரும். ஆகவே நல்ல எஞ்சின் முதலில், எரிவாயு பிறகு என்னும் வரிசையே சரியானது. எந்த எஞ்சின் நல்லது என்னும் கேள்விக்கும் பெட்ரோலுக்கு ஒரு விடையும் எரிவாயுவுக்கு வேறொரு விடையும் உண்டு என்பதைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை.

வேறுபாடு எஞ்சினின் தலைப்பகுதியில், அதாவது சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் தன் இருக்கையில், பட்டறை மொழியில் வால்வு சீட்டில், வந்து அமர்கிறது. தன்மேல் ஏறிய வெப்பத்தின் பெரும்பகுதியை அந்த ஒரு கணத்தில்தான் அது ஹெட்டுக்குக் கைமாற்றுகிறது. முற்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயச் சேர்மம் அந்த இருக்கையின்மீது மெல்லிய காப்புப் படலமாகப் படிந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்துவிட்டதால் அதற்கேற்பக் கடினமான உலோகத்தில் இருக்கைகளைச் செய்யத் தொடங்கினர். எல்.பி.ஜி.யோ அதனினும் வறண்ட எரிபொருள். கலவையில் எரிவாயு சற்றுக் குறைந்துபோனாலும் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு ஏறும். சூடேறிய வால்வு இருக்கையை மெல்ல மெல்ல அரித்து உள்ளே இறங்குகிறது.

இந்த இறக்கத்தின் விளைவு காதுக்கு நேர்மாறாகக் கேட்கும். வால்வு மேலே ஏறுவதால் அதற்கும் ராக்கர் ஆர்முக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் டேப்பட் சத்தமும் குறையும். எஞ்சின் முன்பைவிட மென்மையாக ஓடுகிறது என்று உரிமையாளர் மகிழ்வார். எரிவாயு போட்டதும் வண்டிக்கு மெருகு ஏறிவிட்டது என்று நண்பர்களிடமும் சொல்வார். இடைவெளி முற்றிலும் இல்லாமற்போகும் நாளில் வால்வு முழுமையாக மூடாது. மூடாத வால்வால் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. விளிம்பு கருகிப் பிளக்கும். ஒரு சிலிண்டர் போய்விட்டது என்று பட்டறையில் சொல்லப்படும்போது, சத்தம் அடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். பழைய வண்டியைப் பார்த்து வாங்குவோர் சத்தமில்லாத எஞ்சினையே தேடுகின்றனர். எரிவாயுவில் ஓடிய வண்டியைப் பொறுத்தவரை, சிறிதளவு டேப்பட் சத்தம் கேட்பது ஆறுதல் தரும் செய்தி.

எனவே எரிவாயுவுக்கென எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனையோ மைலேஜையோ அன்று. வால்வு இடைவெளியை இந்த எஞ்சினில் எப்படிச் சரிசெய்வது என்பதே முதற்கேள்வி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆம்னியிலும் மாருதி 800இலும் இருந்த எஃப்8பி எஞ்சின், அதன் முதுமையையும் மீறி முன்வரிசைக்கு வருகிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ராக்கர் ஆர்மிலேயே திருகும் நட்டும் உண்டு. ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஒரு மணி நேரம் போதும். தெருமுனைப் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை இது. பழைய வேகன்ஆரில் வந்த 1061 சி.சி. நான்கு சிலிண்டர் எஃப்10டியும் இதே வகை. மாருதி நிறுவனம் 2006இல் வேகன்ஆர் டுவோ என்னும் பெயரில் பெட்ரோலிலும் எல்.பி.ஜி.யிலும் ஓடும் காரைத் தொழிற்சாலையிலிருந்தே விற்றபோது அதில் வைத்தது இந்த எஞ்சினைத்தான். ஆம்னியிலும் தொழிற்சாலை எல்.பி.ஜி. வகை இருந்தது. உற்பத்தியாளரே எரிவாயுவுக்கு உத்தரவாதம் கொடுத்து விற்ற எஞ்சின் என்பது, இணையத்தில் கிடைக்கும் நூறு பாராட்டுகளைவிட வலுவான சான்று.

2008இல் ஏ-ஸ்டாருடன் வந்து, பின்னர் ஆல்ட்டோ கே10இலும் வேகன்ஆரிலும் இடம்பிடித்த 998 சி.சி. கே10பி, பெட்ரோல் எஞ்சினாக அவற்றைவிடச் சிறந்தது. டைமிங் பெல்ட்டுக்கு மாறாகச் சங்கிலி; எடை குறைவு; இழுவையும் மைலேஜும் கூடுதல். பெட்ரோலிலேயே ஓட்டப்போகிறவருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் இதில் கேம் நேரடியாகக் கிண்ண வடிவ டேப்பட்டை அழுத்துகிறது, திருகு கிடையாது. இடைவெளி மாறினால் அளந்து பார்த்து, கேம் ஷாஃப்டைக் கழற்றி, வேறு கனமுள்ள டேப்பட்டை வரவழைத்துப் பொருத்த வேண்டும். பெரிய பட்டறையில் முடியும் வேலைதான். ஆயினும் காலையில் மாவு இறக்கிவிட்டு மதியம் வண்டியைக் கொடுத்து மாலையில் திரும்ப எடுக்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. சிறந்த எஞ்சின் எரிவாயுவுக்கு இரண்டாம் இடத்துக்குப் போவது இப்படித்தான்.

உள்ளூர்ப் பாசமும் இங்கே ஒரு காரணியாக நுழைகிறது. புனே மாவட்டத்து ரஞ்சன்காவில் ஃபியட்–டாடா கூட்டு ஆலையில் உருவான ஃபயர் வகைப் பெட்ரோல் எஞ்சின், டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் வந்தது. ஃபயர் என்பது 1985இல் இத்தாலியில் அறிமுகமான எஞ்சின் குடும்பம். எல்.பி.ஜி. கார்கள் மலிந்த அந்நாட்டில் இதன் எரிவாயு வகைகள் தொழிற்சாலையிலிருந்தே விற்கப்பட்டன. எஞ்சினின் தகுதியைப் பற்றி ஐயமில்லை. ஆனால் இத்தாலியில் அதற்கு இருந்த உதிரிபாகக் கடைகளும் பழகிய கைகளும் புனேயில் இல்லை. இதன் எட்டு வால்வு வகையில் இடைவெளியைச் சரிசெய்யத் தகடு மாற்ற வேண்டும். அந்தத் தகடுகளைப் பல கனங்களில் அடுக்கி வைத்திருக்கும் பட்டறைகள் அரிது. எஞ்சின் பிறந்த ஊரிலேயே அதற்கு மருத்துவர் கிடைப்பதில்லை என்பது வேடிக்கைதான்.

தளேகாவ் கதை இன்னும் சங்கடமானது. 2008இல் அங்கே திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை புனேக்காரர்களுக்குப் பெருமையாக இருந்தது. செவர்லே ஸ்பார்க்கும் பீட்டும் எல்.பி.ஜி. வகையிலும் விற்கப்பட்டன. 2017இன் இறுதியோடு அந்நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2020 டிசம்பரில் ஆலையின் உற்பத்தியும் நின்றது. ஆலையைப் பின்னர் ஹூண்டாய் வாங்கியது. இன்று ஒரு பீட் எல்.பி.ஜி. மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். தொழிற்சாலைக் கிட், முறையான பதிவு, எல்லாம் இருக்கும். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர் வாங்கலாம். அன்றாட வருமானம் வண்டியின் சக்கரத்தில் இருப்பவர் வாங்கக் கூடாது. ஒரு சென்சாருக்காகப் பத்து நாள் காத்திருக்கும் வண்டி, வாங்கும்போது மிச்சமான பணத்தை அந்தப் பத்து நாளிலேயே தின்றுவிடும்.

இனி, வண்டி இருக்கிறது, எஞ்சின் மட்டும் வேண்டும் என்பவரின் நிலை. அவருக்கு உண்மையில் தேர்வு குறைவு. வேறு வகை எஞ்சினைப் பொருத்துவது சட்டப்படியும் இயந்திரப்படியும் தலைவலி. ஆம்னிக்கு இன்னோர் எஃப்8பிதான். சென்னை வாசகர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படிப் புனேக்காரர்களுக்குப் பழம்பொருள் என்றதும் நினைவுக்கு வருவது மங்கள்வார் பேட்டையை ஒட்டிப் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜார். கருவிகளும் சில்லறை உதிரிகளும் வாங்க அது நல்ல இடம். முழு எஞ்சினை, ஓட்டிப் பார்க்க வழியில்லாத எந்தச் சந்தையிலும் வாங்கக் கூடாது. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து, கழற்றுவதற்கு முன்பே இயக்கிக் காட்டப்படும் எஞ்சினே நம்பத்தக்கது.

சந்தையில் புழங்கும் சொல் ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. தமிழில் 'வண்டி கண்டிஷனா இருக்கு' என்றால் நல்ல கண்டிஷன் என்றே பொருள். ஆங்கிலத்தில் 'நிலை' என்று மட்டுமே குறிக்கும் அச்சொல், தமிழ்ப் பேச்சில் நல்லதா கெட்டதா என்னும் அடைமொழியை உள்ளேயே விழுங்கிவிட்டது. விற்பவர் பொய் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. சொல்லே அவருக்காக அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு எதிராக வாங்குபவரின் கையில் இருக்க வேண்டியது ஒரு கம்ப்ரஷன் கேஜ்.

எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். மொத்த அளவைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்த எஞ்சினை விட்டுவிடலாம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் அளந்தால் நோய் எங்கே என்பதும் தெரிந்துவிடும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு கசிகிறது. பெட்ரோலில் மட்டும் ஓடப்போகும் எஞ்சினுக்கு ஓரளவு ரிங் தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எரிவாயுவுக்குப் போகும் எஞ்சினில் வால்வுக் கசிவை எள்ளளவும் பொறுக்கக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது.

தண்ணீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டியில் எல்.பி.ஜி. திரவமாக இருக்கிறது. அதை வாயுவாக்கும் ரெட்யூசர், அதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சினின் கூலன்ட் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எரிவாயு வண்டியும் பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு எரிவாயுவுக்கு மாறுகிறது. கூலன்ட் குறைந்தால் ரெட்யூசர் உறைகிறது. எஞ்சினோ அதே நேரத்தில் கொதிக்கிறது. சமதளத்தில் எப்படியோ சமாளித்த வண்டி, சாஸ்வடுக்குப் போகும் வழியில் திவே காட் ஏற்றத்திலோ காத்ரஜ் காட்டிலோ சுமையோடு நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கிட்டின்மீது பழி விழும். பத்து ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றித் துருவேறிய ரேடியேட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிளக்கும் ஒயரும் அப்படியே. எரிவாயுக் கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் தளர்ந்த ஒயரோடு எரிவாயுவை ஓட்டினால் இன்டேக் வழியே தீ பின்வாங்கி ஏர் ஃபில்டர் பெட்டி வெடித்துத் திறந்துகொள்வதும் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு, புனேயில் எல்.பி.ஜி. கட்டுப்படியாகுமா? கணக்கு எளியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் ஏறத்தாழ 25. அதே தூரத்துக்கு 20 முதல் 25 விழுக்காடு கூடுதல் லிட்டர் செலவாகும். ஆகவே எல்.பி.ஜி.யின் விலை பெட்ரோல் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இராது. விலை அதற்கு வெகுகீழே இருக்கும்வரை லாபமே. ஆனால் விலையைவிடப் பெரிய தடை பங்க். மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனம் 2006இல் தோன்றிய பின் நகரத்து ஆட்டோக்கள் பெருமளவு சி.என்.ஜி.க்கு மாறிவிட்டன, ஆட்டோக்கள் போன பக்கம்தான் எரிவாயு வணிகமும் போகும். அன்றாடம் செல்லும் வழியில் ஓர் எல்.பி.ஜி. பங்க் இல்லாதவர் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

அப்படியானால் சி.என்.ஜி.யே போட்டுவிடலாமே என்னும் மறுப்புக்கு வலு உண்டு. புனேயின் பெரும்பாலான புதிய வாகனங்களுக்கு அதுவே சரியான விடை. ஆனால் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இரும்பு உருளை ஐம்பது அறுபது கிலோ எடை கொண்டது. ஆம்னி போன்ற இலகுவான பழைய வண்டியில் அந்த எடை, சுமை ஏற்றும் இடத்தையும் இழுவையையும் சேர்த்தே பறிக்கிறது. எல்.பி.ஜி. தொட்டியின் அழுத்தம் அதில் இருபதில் ஒரு பங்கு அளவே. பல கார்களில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலேயே வட்டத் தொட்டி அடங்கிவிடும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் மாவு வியாபாரி கணக்கில் சேர்க்க வேண்டும்.

சமையல் சிலிண்டரை வண்டியில் பொருத்துவது பற்றி ஒரே சொல்: கூடாது. அது சட்ட விரோதம் என்பதோடு, வீட்டுச் சிலிண்டரில் வாகனத் தொட்டிக்குரிய 80 விழுக்காட்டு நிரப்புக் கட்டுப்பாடு கிடையாது. காற்றைவிடக் கனமான எல்.பி.ஜி. கசிந்தால் மூடிய வேனின் தரையில் தேங்கி நிற்கும்.

இந்தியாவில் எல்.பி.ஜி.யை வாகன எரிபொருளாகச் சட்டம் ஏற்றது 2000–2001இல். கிட்டுகளைச் சோதித்து ஒப்புதல் தரும் அமைப்புகளுள் முதன்மையானது, 1966இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ.; அது புனேயிலேயே, கோத்ரூடை ஒட்டிய வேதாள் குன்றில் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொருத்த வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றம் ஏற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். எஞ்சினை மாற்றியிருந்தால் அதன் எண்ணும் சான்றில் ஏற வேண்டும்; அதற்கு, எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்னும் ரசீது தேவை. ரசீது இல்லாத மலிவான எஞ்சின், திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கடைசியாக வாங்கியவரே.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. கிட் சோதிக்கப்படுகிறது, தொட்டி சோதிக்கப்படுகிறது, குழாய்களின் கசிவு சோதிக்கப்படுகிறது. அந்தக் கிட்டைத் தாங்கப்போகும் எஞ்சின் தகுதியானதா என்னும் கேள்வி எந்தத் தாளிலும் இல்லை. பொருத்துபவருக்கு அதைக் கேட்பதில் ஆதாயமும் இல்லை; கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பொருத்தும் மையம் தரும் சான்றிதழிலேயே ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் வால்வு இடைவெளியையும் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை அது. அளவு குறைவாக இருந்தால் மாற்றத்தைத் தடுக்கக்கூட வேண்டாம். உரிமையாளர் படித்துக் கையெழுத்திட்டால் போதும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் டேப்பட்டை மறுபடி அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் இருக்கும். இப்போது அவற்றை எழுதி வைப்பவர்கள், டேஷ்போர்டின் உள்மூடியில் பென்சிலால் தேதியும் அளவும் குறிக்கும் சில பழைய மெக்கானிக்குகள் மட்டுமே.